ருகர் 10/22: எல்லாப் பாகமும் வீட்டு வாசலுக்கு வராது

"அமெரிக்காவில் .22 (0.22 அங்குலக் குண்டு) துப்பாக்கியைப் பாகம் பாகமாக ஆன்லைனில் வாங்கி வீட்டிலேயே பொருத்திக்கொள்ளலாம், எந்தச் சோதனையும் கிடையாது" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. பாதிதான் சரி.

இப்படிப் பொருத்தப்படுவது பெரும்பாலும் ருகர் நிறுவனத்தின் 10/22 நீளத் துப்பாக்கி. 1964-இல் வந்த அரைத் தானியங்கி, அதாவது விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு. குழலைப் பிடித்திருப்பவை இரண்டே திருகுகள். மாற்றுவது அவ்வளவு சுலபம். குழல், தோளில் அணைக்கும் கட்டை, விசைத் தொகுதி என்று மற்ற நிறுவனங்களின் பாகங்கள் குவிந்து கிடக்கின்றன. ருகர் செய்த ஒரு திருகுகூட இல்லாத '10/22'களும் உண்டு! இந்தப் பாகங்கள் தபாலில் வர மத்திய சட்டத்தில் தடையில்லை.

ஆனால் இவையெல்லாம் வந்து பொருந்தும் உலோகக் கூடு, அதாவது ரிசீவர், 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி தனியாக இருந்தாலே துப்பாக்கிதான். வரிசை எண் இருப்பதும் அதில்தான். புதிதாக ஆர்டர் செய்தால் உரிமம் பெற்ற வியாபாரியின் கடைக்குத்தான் போகும். வாங்குபவர் அங்கே 4473 என்ற மத்திய அரசுப் படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனையைத் தாண்ட வேண்டும்.

சரி, வாங்குபவரே மீதி வேலையை முடித்துக்கொள்ளும்படி அரைகுறையாகச் செய்து விற்கும் ரிசீவர் கிட்கள்? அந்தச் சந்தைக்கும் 2022-இல் கட்டுப்பாடு வந்தது. 2025 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்றது.