கவுண்டரில் தொடங்கியவர் தலைமைக்குப் போனதுண்டு

மெக்டொனால்ட்ஸ் போன்ற கடையில் உருளைக்கிழங்கு வறுக்கும் வேலைக்குச் சேர்ந்தால் அதிகபட்சம் கடை மேலாளர்தான், தலைமைப் பதவிக்கு வெளியாட்களைத்தான் எடுப்பார்கள் என்று ஒரு கருத்து இருக்கிறது. அது சரியல்ல.

சார்லி பெல், சிட்னியின் கிங்ஸ்ஃபோர்டு கடையில் 15 வயதில் பகுதிநேர ஊழியராகச் சேர்ந்தவர். 19 வயதில் ஆஸ்திரேலியாவின் மிக இளைய மெக்டொனால்ட்ஸ் கடை மேலாளர். 2004 ஏப்ரலில் உலக நிறுவனத்துக்கே தலைமைச் செயல் அதிகாரி! அதே ஆண்டு நவம்பரில் அடுத்து வந்த ஜிம் ஸ்கின்னரும் 1971இல் கடை மேலாளர் வேலைக்குப் பயிற்சி பெறுபவராக நுழைந்தவர்தான். எல்லோருக்கும் இது கிடைக்காது, உண்மைதான். ஆனால் வழியே இல்லை என்பது, இன்று அடுப்பருகே நிற்கும் பிள்ளையின் மனதை வீணாக உடைக்கும்.

சரிபார்ப்பது எளிது: பெல் 2005 ஜனவரியில் காலமானார். அப்போதைய ஆஸ்திரேலிய, அமெரிக்க நாளிதழ்களின் இரங்கல் செய்திகளைத் தேடுங்கள்.