தவறான இடத்துக்கு வந்துவிட்டார்களாம்!

எங்கள் நீலகிரி மலையில் இருக்கும் தேவாலா அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து, கோவைக்கு அனுப்பி, அங்கே போன ஆஸ்பத்திரி வாசலில் ‘இங்கே இல்லை’ என்று திருப்பி விட்டது எல்லோருக்கும் தெரியும், விவரமாகத் திரும்பச் சொல்லப் போவதில்லை. வீடியோ எல்லா குரூப்பிலும் சுற்றிவிட்டது. அதைப் பார்த்தபோதுகூட எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று அதிகாரிகள் தரப்பில் வந்த விளக்கம்தான் பொறுக்கவில்லை. நோயாளியின் உறவினர்கள் தவறான மருத்துவமனைக்கு வந்துவிட்டார்களாம். பக்கவாதம் வந்து வாய் கோணிக் கிடக்கிற மனிதரை வண்டியில் போட்டுக்கொண்டு, கோயம்புத்தூர் சுற்றிப் பார்க்க வந்து வழி மாறிய மாதிரி!

ஐயா, அவர்கள் தானாக வரவில்லை. கையில் சீட்டு கொடுத்து அனுப்பினீர்கள். சீட்டில் ‘மேல் சிகிச்சைக்கு கோவை’ என்று இருந்தது. கோவையில் எங்கே? திருச்சி ரோட்டில் இருக்கும் பெரிய ஜி.ஹெச்.சிலா, சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியிலா? அதை அந்த அண்ணனின் மச்சான் கண்டுபிடிக்க வேண்டுமா?

நான் கேட்பது ஒன்றுதான். மலையில் இருந்து வண்டி கிளம்பும் முன்பே, கீழே எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு, யார் எடுத்துக்கொள்ளப் போகிறார் என்பது முடிவாகியிருக்க வேண்டும். கிளம்பும் முன்பே. பர்லியாறு தாண்டி மலை இறங்கிய பிறகு இல்லை.

இது ஏன் நடப்பதில்லை என்று கொஞ்சம் விசாரித்தால் தலை சுற்றும். ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதாரத் துறையின் கீழ். தாலுகா மருத்துவமனை மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநரகத்தின் கீழ். பெரிய ஜி.ஹெச். மருத்துவக் கல்வி இயக்குநரகத்தின் கீழ். நகருக்குள் இருக்கும் சுகாதார நிலையங்கள் மாநகராட்சியின் பொறுப்பு. முதல் மூன்றுக்கும் மேலே ஒரே அமைச்சர், ஒரே செயலாளர் இருக்கலாம். ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு ஆஸ்பத்திரியின் டூட்டி டாக்டர் இன்னொரு ஆஸ்பத்திரியில் வென்டிலேட்டர் காலியா என்று யாரைக் கேட்பார்? நீலகிரி, திருப்பூர், ஈரோடு, பாலக்காட்டில் இருந்துகூட ஆட்கள் வந்து இறங்குகிற நகரம் அது. அங்கே இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் யார் தெரியுமா? ஆம்புலன்ஸ் டிரைவர்கள். நிஜமாகத்தான். “அங்க பெட் இருக்காடா?” என்று ஒரு டிரைவர் இன்னொரு டிரைவருக்கு போன் போட்டுக் கேட்பதுதான் இன்று நம் பக்கத்து ஒருங்கிணைப்பு.

அப்பா விஷயத்தில் இதை நான் நேரில் பார்த்தேன். அரசுத் தேயிலைத் தோட்டமான டேன்டீயில் செடிகளைக் கவாத்து வெட்டும் வேலையில் இருந்தவர். சரிவில் கால் வழுக்கி விழுந்து தலையில் அடி. கூடலூரில் பார்த்துவிட்டு ஊட்டிக்கு அனுப்பினார்கள், அங்கே ஸ்கேன் எடுத்துவிட்டு கோவைக்கு. ஊட்டி 50 கிலோமீட்டர், அங்கிருந்து கோவை கிட்டத்தட்ட 85. நடுவட்டத்தில் பனி, முன்னால் போகிற வண்டியின் விளக்குகூடத் தெரியவில்லை. அம்மா வழியெல்லாம் அப்பாவின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். அதற்கு முன் அம்மா அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கீழே போய் கேஷுவாலிட்டியில் ஸ்ட்ரெச்சரை இறக்கினால், சீட்டைப் பார்த்த பையன், “நியூரோவுக்கு இங்கே ஏன் வந்தீங்க?” என்றான். அடுத்த இடத்தில் எடுத்துக்கொண்டார்கள், சரி. ஆனால் ஊட்டியில் எடுத்த ஸ்கேனைத் திறந்துகூடப் பார்க்காமல் மறுபடியும் வரிசையில் படுக்க வைத்தார்கள். அப்பா பிழைத்தார். இன்றும் வலது கை சரியாகத் தூக்க வராது. அந்த அலைச்சலால்தான் இப்படி ஆனது என்று நான் சொல்லவில்லை, டாக்டரும் சொல்லவில்லை. ஆனால் ராத்திரி தூக்கம் வராதபோது எனக்கு அந்தக் கணக்குதான் ஓடும்.

பக்கவாதத்தில் ரத்தக்கட்டு அடைத்திருந்தால் அதைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எங்கள் பக்கத்து ரோடு மட்டுமே அந்த நேரத்தை விழுங்கிவிடும். மிச்சம் இருப்பதை நகரத்துக்குள் கேட் கேட்டாக அலைந்து தொலைக்க வேண்டுமா?

முடியாத காரியம் ஒன்றும் இல்லை. 2021 மே மாதம் கொரோனா இரண்டாவது அலையில் சென்னையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் வார் ரூம் என்று ஒரு கட்டுப்பாட்டு அறை போட்டு, படுக்கை வேண்டுமா 104-ஐக் கூப்பிடு என்றார்கள். முதல்வரே ஒரு ராத்திரி போய் உட்கார்ந்து போன் எடுத்தார். அதற்கு முந்தின வருடமே மும்பையில் 24 வார்டுக்கும் தனித்தனி வார் ரூம், தனியார் படுக்கை உட்பட அங்கிருந்துதான் ஒதுக்கினார்கள். லண்டனில் 2010-ல் பக்கவாதத்துக்கு என்று 8 மையங்களைக் குறித்துவிட்டு, ஆம்புலன்ஸ் பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரியைக்கூடத் தாண்டி நேராக அங்கே போக வேண்டும் என்று வைத்தார்கள். உயிரிழப்பு குறைந்தது. ஆக, வேண்டும் என்றால் முடிகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் செத்துக்கொண்டிருந்தால்தான் முடியும் போல.

உடனே வருவீர்கள், தெரியும். “ஊட்டியிலேயே 700 படுக்கையோடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வந்துவிட்டதே, இன்னும் என்ன அழுகை?” 2025-ல் திறந்தபோது எங்கள் லைனில், அதாவது தோட்டக் குடியிருப்பில், எல்லோருக்கும் எவ்வளவு சந்தோஷம் என்று எனக்குத் தெரியும், நானும் ஸ்டேட்டஸ் வைத்தவன்தான். ஆனால் கட்டடம் வந்தால் கேள்வி தீர்ந்ததா? எதை ஊட்டியில் பார்க்கலாம், எதைக் கீழே அனுப்பியே ஆக வேண்டும் என்பதைக் கூடலூரிலேயே போனில் முடிவு செய்யலாம் இல்லையா? ஊட்டி வரை வந்து, இறக்கி, எழுதி, மறுபடியும் ஏற்றித்தான் தெரிய வேண்டுமா? எங்கள் பக்கத்துப் பந்தலூர் ஆட்களுக்குக் கேரளாவின் வயநாடே கிட்டம். அது மாநில எல்லைப் பஞ்சாயத்து, அதற்குள் இப்போது போகவில்லை.

“108-ல் முன்கூட்டியே தகவல் போகிறதே” என்பார் ஒருவர். தகவல் போகும். எடுத்துக்கொள்கிறோம் என்று யார் சொன்னார்கள்? அதைத்தானே கேட்கிறேன்.

“டாக்டர்களுக்கு எவ்வளவு வேலை தெரியுமா?” தெரியும். அவர்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பாவுக்குத் தலைமாட்டில் விடிய விடிய நின்ற சிஸ்டரை நாங்கள் இன்னும் சாமி கும்பிடும்போது நினைக்கிறோம். வாசலில் நின்று ‘இங்கே இல்லை’ என்று சொல்ல வேண்டிய நிலைமையை அவர்களுக்கும் சேர்த்துத்தான் யாரோ உண்டாக்கி வைத்திருக்கிறார்கள்.

“இலவசம்தானே, அட்ஜஸ்ட் பண்ணுங்க” என்று எழுதியவருக்குப் பதில் இல்லை.

ஆனால் அந்த வீடியோவுக்குக் கீழே ஒருவர், “மலையில இருந்து எல்லாத்துக்கும் இங்க ஓடி வந்துடறாங்க, அதான் கூட்டம்” என்று எழுதியிருந்தார். முந்நூறு லைக். அதில் மூன்று பேர் என் நண்பர்கள். அண்ணன்மார்களே, சீசனில் நீங்கள் ஓடி வருவீர்கள். மலைக்கு வரும் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் போட்டும் குறையாத கூட்டம். உங்கள் பிள்ளைக்கு வளைவுகளில் வாந்தி எடுத்துக் காய்ச்சல் வந்தால் எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கி வருவீர்கள். எந்த ஊர், ஏன் இங்கே வந்தீர்கள் என்று வரிசையில் நின்ற எங்கள் அக்காக்கள் கேட்டிருக்கிறார்களா? “குழந்தை, முதல்ல பாருங்க” என்று வழி விட்டவர்கள். நாங்கள் இலை பறித்துத்தான் உங்கள் டீ. எங்கள் தாத்தா காலத்தில் இலங்கையில் இருந்து கப்பலில் வந்து இறங்கியதில் இருந்து ‘இங்கே இல்லை, அங்கே போ’ கேட்டுக்கொண்டே இருக்கிறோம். சரி, விடுங்கள். எங்கேயோ போகிறேன்.

மறுபடியும் சொல்கிறேன், வண்டி கிளம்பும் முன்பே இடம் முடிவாக வேண்டும். கோவைக்கு ஒரே ஒரு எண், இருபத்து நான்கு மணி நேரமும். அந்தப் பக்கம் எடுப்பவருக்கு எந்தத் துறை ஆஸ்பத்திரியாக இருந்தாலும் ‘இவரை எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லும் அதிகாரம் வேண்டும்.

அப்புறம், தம்பி ஒப்பந்த வேலையில் இருக்கிறான், அவனுக்குப் பிரச்சினை வரும், பதிவை எடுத்துவிடு என்று இன்பாக்ஸில் அக்கறையாகச் சொன்ன அண்ணனுக்கு: தம்பியிடம் கேட்டுவிட்டுத்தான் போடுகிறேன். எடுக்க மாட்டேன்.