வட்டியும் போனது, சிரிப்பும் போனது

சிலேடைக்கு விளக்கம் கேட்கிறவர்களுக்கு நரகத்தில் தனியாக ஓர் எண்ணெய்க் கொப்பரை இருக்க வேண்டும். அங்கே இல்லையென்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் நானே ஒன்று வாங்கி அனுப்பிவைக்கிறேன்.

போன வாரம் உறவில் ஒரு சாந்திக் கல்யாணம், அதாவது அறுபதாம் கல்யாணம். பந்திக்குக் காத்திருந்த நேரம். முகப்பில் உட்கார்ந்திருந்த அம்மானிடம் (தாய்மாமன்), "முன்பு பேங்கராக இருந்தேன், இன்டரெஸ்ட் போய்விட்டது, விட்டுவிட்டேன்" என்கிற அந்த அரதப்பழசான ஆங்கில வேடிக்கையை எடுத்துவிட்டேன். அவர் நாற்பது வருடம் வட்டிக்கடை நடத்தியவர். இவரிடம் எடுபடாவிட்டால் வேறு யாரிடம் எடுபடும்?

அம்மான் நெற்றியைச் சுருக்கினார். "எத்தனை வட்டி போனது? அசலாவது வந்ததா?" என்றார். உண்மையான கவலையோடு கேட்டார், அதுதான் கொடுமை. பக்கத்தில் இருந்த அயித்தான், "இன்டரெஸ்ட் இல்லை மாப்பிள்ளை, இன்ட்ரஸ்ட்" என்று உச்சரிப்பைத் திருத்தினார். நீ எப்போது பேங்கில் வேலை பார்த்தாய் என்று மூன்றாவதாக ஒரு குரல். அந்தச் சொல்லுக்கு வட்டி என்றும் பொருள், ஆர்வம் என்றும் பொருள் என்று நான் விளக்கி முடித்தபோது, வேடிக்கை ஆறிப்போன பணியாரம் மாதிரிக் கிடந்தது. யாரும் தொடவில்லை.

எனக்கு ஒன்று புரியவில்லை. கம்பன் கழகம் 1939இல் பிறந்த ஊர் இது. ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒருவர் இரண்டு மணி நேரம் பேசினாலும் அசையாமல் கேட்கிற சனம். காளமேகப் புலவர் ஒரே வெண்பாவைப் பாம்புக்கும் எள்ளுக்கும் பொருத்தினால் தொடையில் தட்டி ரசிக்கிறார்கள். அதே ஆட்களுக்கு ஆங்கிலம் என்றதும் முகம் ஏன் தேர்வு அறைக் கண்காணிப்பாளர் முகமாக மாறுகிறது?

குழந்தைகளை இவர்கள் படுத்துகிற பாடு இதைவிட மோசம். விசேஷ வீட்டில் ஒரு பிள்ளை அகப்பட்டால் போதும், நடுவில் நிறுத்தி "நிமோனியாவுக்கு ஸ்பெல்லிங் சொல்" என்பார்கள். அதுவும் சொல்லும். பேசாத அந்த 'பி' (P) முன்னால் எதற்கு நிற்கிறது என்று ஒருவராவது கேட்டதுண்டா? கடனைக் குறிக்கும் 'டெட்' (debt) என்ற சொல்லிலும் இன்னொரு 'பி' (B) ஒளிந்திருக்கிறது. பிரெஞ்சிலிருந்து வந்தபோது அது கிடையாது. லத்தீன் மூலத்தை நினைவூட்ட வேண்டும் என்று படித்தவர்கள் பிற்பாடு செருகியது. கடனுக்குள் கண்ணுக்குத் தெரிந்தும் வாய்க்கு வராத ஓர் எழுத்து! 'மார்ட்கேஜ்' இன்னும் பிரமாதம். பழைய பிரெஞ்சில் அதற்குச் 'செத்த அடமானம்' என்று பொருள். தலைமுறை தலைமுறையாக அடமானம் பிடித்த குடும்பங்கள் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிக்க வேண்டாமா? சிரிக்க மாட்டார்கள். தேர்வில் வருமா என்பார்கள்.

அயித்தான் சாய்ந்திருந்தது பர்மாத் தேக்குத் தூண். 'டீக்' என்ற ஆங்கிலச் சொல்லே மலையாளத் தேக்குதான், போர்த்துகீசியர் கைமாறிப் போனது என்றேன். "அப்படியா? தூண் இப்போது என்ன விலைக்குப் போகும்?" என்றார். அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை.

பந்திக்கு வரிசை நகர்ந்தது. 'க்யூ' (queue) என்பதற்கு ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து. ஒலிப்பதற்கு முதல் எழுத்து ஒன்றே போதும், மற்ற நான்கும் அதன் பின்னால் சும்மா வரிசையில் நிற்கின்றன. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டேன். (எனக்கும் சொரணை உண்டு.)

அப்போதுதான் எண்பத்தாறு வயது ஆயா (அம்மாவைப் பெற்றவர்), நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தவர், என் கையைப் பிடித்து, "வட்டி போனால் போகட்டும் அப்பு, வட்டில் நிறைந்தால் சரி" என்றார். வீட்டு வளவே குலுங்கிச் சிரித்தது. அம்மானுக்குப் புரையேறிவிட்டது. ஒருவர், ஒரே ஒருவர்கூட, அவரிடம் விளக்கம் கேட்கவில்லை.

அயித்தான் மட்டும் இலையில் உட்கார்ந்த பிறகு என் பக்கம் குனிந்து கேட்டார்: "வட்டிலுக்கு இங்கிலீஷில் என்ன மாப்பிள்ளை?"