பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தால் அது ஏமாற்று வேலையா?

பழைய மடிக்கணினி ஒன்றைச் சரிசெய்து, விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கும் லினக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, கல்லூரியில் படிக்கிற ஒரு பெண்ணுக்குக் கொடுத்தோம். அதைக் குறை சொல்லி வந்த பதிவின் நகலை இரண்டு நாட்களாக ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். போதும், பார்த்துவிட்டேன். யார் எழுதியது, எந்தப் பெண்ணைப் பற்றியது என்பதெல்லாம் இங்கே படிக்கிறவர்களுக்குத் தெரியும். பெயர்களை நான் இழுக்கப்போவதில்லை. "விண்டோஸ்கூட இல்லாத ஓட்டை மடிக்கணினியை ஏழைப் பிள்ளையின் தலையில் கட்டிவிட்டார்கள்" என்ற அந்த ஒரு வரிக்கு மட்டும் பதில் சொல்லியாக வேண்டும். அதற்கு விழுந்த விருப்பக்குறிகளில் எனக்குத் தெரிந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில், அது ஓட்டை இல்லை. மூன்றாம் தலைமுறை கோர் ஐ3, நான்கு ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். கீபோர்டை மாற்றினோம். விசிறியில் அடைந்திருந்த தூசியை எடுத்தோம். லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட்டில், பழைய இயந்திரத்துக்கும் சுமையில்லாத எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டோம். மின்ட் கேட்பது குறைந்தபட்சம் இரண்டு ஜிபி ராம். வசதியாக ஓட நான்கு போதும் என்று அவர்களே சொல்கிறார்கள். அந்த இயந்திரத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. அந்தப் பெண் பாளையங்கோட்டையிலேயே எங்கள் முன் உட்கார்ந்து, தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டச்சு செய்து, லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் ஒரு கணக்குப் பட்டியலைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்கு பஸ் ஏறினாள்.

பிறகு அவளுக்கு உதவுவதாகச் சொன்ன ஒரு பெரியவர் அதைக் கடைக்குக் கொண்டுபோனார். 600 ரூபாய்க்கு விண்டோஸ் 10 ஏற்றித் தந்தார்கள். உரிமம் கிடையாது, பில் கிடையாது. இப்போது அது திறந்து நிலைக்கு வருவதற்குள் அவள் அம்மா ஒரு தட்டு பீடி சுற்றிவிடுகிறார்களாம். உடனே தீர்ப்பும் வந்துவிட்டது: மடிக்கணினி சரியில்லை.

மடிக்கணினி சரியாகத்தான் இருக்கிறது. அதன்மேல் ஏற்றியதுதான் சரியில்லை. இதைத்தான் இந்த ஊரில் யாரிடம் சொன்னாலும் காதில் ஏறமாட்டேன் என்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கும் நான்கு ஜிபி ராமும் உள்ள ஒரு இயந்திரத்தில் விண்டோஸ் 10 ஏறியவுடன், பின்னணியில் வைரஸ் சோதனை, கோப்புகளை அட்டவணைப்படுத்துவது, புதுப்பிப்பைத் தேடுவது என்று எல்லாம் ஒரே டிஸ்க்கைப் பிடித்து இழுக்கின்றன. பிள்ளை ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னால் அது வரிசையில் கடைசியில் நிற்கிறது.

அதுவும் எந்த விண்டோஸ்? 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாப்ட் விண்டோஸ் 10க்கான ஆதரவை நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு என்று அறிவித்ததும் 2026 அக்டோபர் வரைதான். விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இயந்திரத்தில் இருக்க வேண்டும்; இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலி இருக்க வேண்டும். மூன்றாம் தலைமுறைக்கு அந்தக் கதவு சாத்தப்பட்டுவிட்டது. சாத்தியது நானா? மின்ட் 22க்கு 2029 வரை புதுப்பிப்பு வரும். ஒரு ரூபாய் கேட்கமாட்டார்கள். இந்த இரண்டில் எதைக் கொடுத்தவன் ஏமாற்றுக்காரன்?

"கல்லூரியில் டேலி கேட்பார்களே" என்று அந்தப் பதிவுக்குக் கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. கணக்கு எழுதும் மென்பொருளான டேலி லினக்ஸில் நேரடியாக ஓடாது. போட்டோஷாப்பும் அப்படித்தான். வண்ணார்பேட்டையில், பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கரும் பழைய எழுத்துருக்களுமாகத் தொழில் செய்கிற அச்சகக்காரரிடம் போய் நான் லினக்ஸுக்கு மாறுங்கள் என்று சொல்லமாட்டேன். சில பழைய லேசர் பிரிண்டர்களை இயக்கும் டிரைவர் மென்பொருள் லினக்ஸுக்குக் கிடைப்பது பெரும்பாடு. சில வைஃபை சில்லுகளுக்குத் தனியாக டிரைவர் ஏற்ற வேண்டும். எல்லாம் உண்மை. ஆனால் முதலாம் ஆண்டு பி.காம். படிக்கிற பிள்ளைக்கு வீட்டில் தேவைப்படுவது என்ன? பாடக்குறிப்பு எழுத, பிடிஎஃப் படிக்க, உதவித்தொகை விண்ணப்பம் நிரப்ப, யூடியூபில் பாடம் பார்க்க. டேலிக்குக் கல்லூரி ஆய்வகம் இருக்கிறது.

"விண்டோஸ் தெரியாவிட்டால் வேலை கிடைக்குமா" என்பவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல எனக்கு இன்று மனம் இல்லை. செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவு இறங்கினால் கேரளம். அங்கே அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் கணினி படிக்கிறார்கள். பத்தாம் வகுப்பு ஐ.டி. செய்முறைத் தேர்வையே அதில்தான் எழுதுகிறார்கள். மலைக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் யாரும் வேலை இல்லாமல் இதனால் நிற்கவில்லை. நீதிமன்றங்களைக் கணினிமயமாக்கும் இ-கோர்ட்ஸ் திட்டத்தில் நம் மாவட்ட நீதிமன்றங்களுக்கு வந்தது உபுண்டு, அதுவும் லினக்ஸ்தான். உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் 2017 நவம்பரிலிருந்து லினக்ஸில்தான் ஓடுகின்றன. அந்தப் பதிவை எழுதிய கைபேசி ஆண்ட்ராய்டாக இருந்தால் அதற்குள் இருக்கும் அடிப்படை மென்பொருளான கருவும் (கெர்னல்) லினக்ஸ்தான். நீதிமன்றத்துக்கு ஆகும், சூப்பர் கம்ப்யூட்டருக்கு ஆகும், பீடி சுற்றுகிற வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் அது ஓட்டையா?

என் அப்பா பாளையங்கோட்டையில் தட்டச்சுப் பயிலகம் நடத்தினார். பழைய ரெமிங்டன் இயந்திரங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்து, பிரஷ்ஷால் தூசி தட்டி, எழுத்துக் கம்பிகளுக்கு எண்ணெய் விடுவார். ரிப்பனைத் திருப்பிப் போட்டு மறுபடி ஓட்டுவார். அதில் லோயர், ஹையர் தட்டச்சுத் தேர்வுகளுக்குப் படித்துக் கலெக்டர் ஆபிஸிலும் கோர்ட்டிலும் வேலைக்குப் போனவர்கள் ஏராளம். இயந்திரம் பழையது என்று அவர்களில் யாரும் குறை சொன்னதில்லை. "நம்ம சார் மெஷின்" என்றுதான் சொன்னார்கள். அந்த வீட்டில் வளர்ந்த என்னைப் பார்த்து, பழைய சாமானைத் தள்ளிவிடுகிறவன் என்று எழுதுகிறார்கள். வலிக்கத்தான் செய்கிறது. அப்பா இருந்திருந்தால் இதை வாசிக்க நேர்ந்திருக்குமே என்றும் தோன்றுகிறது.

இந்த ஊருக்கு லினக்ஸ் புதிதும் இல்லை. 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், ஆரம்பத்தில் வந்த இயந்திரங்களில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் நம் நாட்டிலேயே உருவாக்கியது அது. எத்தனை பேர் அதை ஒருமுறையாவது திறந்து பார்த்தார்கள்? கடையில் கொடுத்து முதல் வேலையாக அதை அழித்தார்கள். அந்த மடிக்கணினிகளில் எத்தனையோ இன்று அம்பாசமுத்திரத்திலும் ஆலங்குளத்திலும் பரண்மேல் கிடக்கின்றன. நிறைய எனக்கு வருகின்றன. பாதிக்கு மேல் பேட்டரிதான் போயிருக்கிறது. செயலி நன்றாக இருக்கிறது. லினக்ஸ் வகைகளில், இரண்டு ஜிபி ராம் உள்ளவற்றுக்கு ஆன்டிஎக்ஸ், கொஞ்சம் கூடுதல் இருந்தால் லுபுண்டு அல்லது டெபியன் எக்ஸ்எஃப்சிஇ, நான்கு ஜிபி என்றால் மின்ட். கையில் காசு இருந்தால் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகத்தைப் போடச் சொல்கிறேன். அதைவிடப் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. உலாவியில் இருபது பக்கங்களைத் திறந்து வைத்தால் எந்த லினக்ஸும் திணறும் என்பதையும் ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் அனுப்புகிறேன். மறைத்துக் கொடுத்தது எதுவும் இல்லை.

"இலவசமாக வருவதில் ஏதாவது இருக்கும்" என்கிறார் இன்னொரு அண்ணாச்சி. அண்ணாச்சி, 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியதை இன்றைக்கு உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் எழுதுகிறார்கள். மூல நிரல் திறந்தே கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். 600 ரூபாய் வாங்கிய அந்தக் கடைக்காரர் விண்டோஸின் உரிமப் பூட்டை உடைக்க ஓட்டிய அந்தச் சிறு கோப்பை யார் எழுதியது? அதற்குள் என்ன இருக்கிறது? அதே மடிக்கணினியில் நாளைக்கு அந்தப் பெண் வங்கிக் கடவுச்சொல்லை அடிப்பாள். இந்தக் கேள்வி உங்களுக்கு ஏன் வரவில்லை?

எனக்கு ஆறாத இடம் வேறு. அந்தப் பெண் நேற்று இரவு, "அண்ணா, நான் எதுவும் சொல்லவில்லை, என்மேல் கோபமா" என்று செய்தி அனுப்பியிருந்தாள். அவள் ஏன் என்னிடம் மன்னிப்புக் கேட்கும் நிலைக்கு வர வேண்டும்? அவளுக்காகப் பேசுகிறோம் என்றவர்கள் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? திரையில் "கோப்பு", "சேமி", "அச்சிடு" என்று எல்லாம் தமிழில் இருந்ததால் அவள் அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டி வாசித்தார்களாம். தமிழை அந்தத் திரைக்குள் கொண்டுவந்தவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். அதை அழித்துவிட்டுத்தான் உதவி செய்ததாக எழுதினீர்கள்.

அவளிடம் சொல்லிவிட்டேன்: விருப்பம் இருந்தால் கொண்டுவா, திரும்பப் போட்டுத் தருகிறேன்; விண்டோஸே போதும் என்றால் அப்படியே இருக்கட்டும், கோபம் இல்லை. மற்றவர்களுக்கும் அதே. வருகிற ஞாயிறு காலை வழக்கமான இடத்தில் இருப்பேன். சார்ஜரை மறக்காதீர்கள், எட்டு ஜிபி பென் டிரைவ் ஒன்று எடுத்துவாருங்கள். எதையும் அழிக்காமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, கேமரா வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். போடுவது என்று முடிவானால், உள்ளே இருக்கும் படங்களையும் சான்றிதழ்களையும் முந்தின நாளே வேறு இடத்தில் நகலெடுத்து வைத்துவிட்டு வாருங்கள்.