நாலு பேர் தூக்கினால்

போன மாதம் அப்பா வீட்டைப் பாகம் பிரித்துப் பதிவு செய்யப் போனோம். மதுரைக்குள் ஒரு பழைய கட்டடம், எது என்று சொல்லப்போவதில்லை. அக்காவுக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளைவாதம், சக்கர நாற்காலிதான். பதிவு நடப்பது மாடியில். கையெழுத்து வாங்கக் கீழே வந்தவர், கேமராவும் கைரேகை மெஷினும் மேலே இருக்கிறது என்று தலையைச் சொறிந்தார். கடைசியில் டீக்கடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி, நான், மச்சான், பத்திரம் எழுதுகிறவர், டீ மாஸ்டர் என நாலு பேர் தூக்கிக்கொண்டு ஏறினோம். 22 படி. நாலு பேர் தூக்குவது என்றால் நம் ஊரில் வேறு அர்த்தம். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கீழேயே நின்றார்.

அக்காதான் சிரித்தாள். "அழகரைக்கூட மண்டகப்படிக்கு மண்டகப்படி இறக்கி வைப்பாய்ங்க. என்னைய ஒரே மூச்சுல கொண்டுவந்துட்டீங்களேடா." வீட்டுக்கு வந்தபிறகு அன்று முழுக்க அவள் பேசவில்லை.

சாய்தளம் இல்லையா என்று கேட்பீர்கள். வாசலில் இருக்கிறது. நான் கட்டட வேலை எடுத்துச் செய்கிறவன், வண்டியில் எப்போதும் டேப் இருக்கும். அளந்தேன். வாசலில் மூன்று படி, ஒன்றரை அடி உயரம். ஓர் அடி ஏற 12 அடி நீளம் என்பது கணக்கு. அப்படியென்றால் 18 அடி வேண்டும். இருந்தது 5 அடி. வழவழ டைல்ஸ், கைப்பிடி கிடையாது, அடியில் மூன்று பைக். என் ஆட்கள் அதில் சிமெண்ட் மூட்டை வண்டியைக்கூட ஏற்ற மாட்டார்கள்.

இதில் நானும் யோக்கியன் இல்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு வேலையில், பில் பாஸாக வேண்டும் என்று, மிச்சமிருந்த ஜல்லியில் இதே மாதிரி ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். போட்டோ எடுத்தார்கள், போய்விட்டார்கள். எஸ்டிமேட்டில் சாய்தளத்துக்கு என்று தனியாக நீளமும் சரிவும் எழுதாதவரை என்னைப் போன்றவர்கள் இப்படித்தான் செய்வோம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது 2016ல். விதிகள் 2017 ஜூனில். அதிலிருந்து ஐந்து வருடத்துக்குள் இருக்கிற பொதுக் கட்டடங்களையெல்லாம் மாற்றிவிட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 2022 ஜூனோடு கெடு முடிந்தது. இதெல்லாம் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாய விதியாக எழுதுங்கள் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

ஆனால் கேட்டால், "பழைய பில்டிங் சார், கை வைக்க முடியாது." மகாலைப் பற்றிச் சொன்னால் ஒத்துக்கொள்வேன். 1636ல் திருமலை நாயக்கர் கட்டியது, அதன் சுண்ணாம்புச் சுவரில் யாரும் துளை போட வேண்டாம். அங்கேயும் சுவரைத் தொடாமல், மரத்திலோ இரும்பிலோ செய்து படிமேல் வைத்து எடுக்கிற மாதிரி சாய்தளம் போடலாம். என் வெல்டரிடம் சொன்னால் ஒரு வாரத்தில் முடித்துவிடுவார். நாம் பேசுவதோ பலமுறை பெயின்ட் அடித்து, இடித்து, ஏசிக்கு ஓட்டை போட்ட ஆபீஸ் கட்டடங்கள். ஏசிக்கு வராத பழமை சாய்தளத்துக்கு மட்டும் வந்துவிடுகிறது!

அந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட்கூட வேண்டாம். கீழே ஒரு பெரிய அறையில் கால் உடைந்த மேசை நாற்காலிகளைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். அதைக் காலி செய்து ஒரு கம்ப்யூட்டரையும் கேமராவையும் இறக்கினால் போதும். கக்கூஸைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. கதவு இரண்டடி அகலம், அவ்வளவுதான். காலையிலிருந்து அக்கா தண்ணீர் குடிக்காமல் வந்ததற்குக் காரணம் அதுதான் என்று அப்புறம்தான் தெரிந்தது. 40 வருடமாக எங்கே கிளம்பினாலும் அப்படித்தானாம்.

அடுத்து பட்டா மாற்றம், வேறு ஆபீஸ். இந்தத் தடவை முன்கூட்டியே போன் போட்டேன். மாடியா, தரைத்தளமா?

"கீழதான் சார், ஒண்ணும் பிரச்சினை இல்ல. நாலு படிதான்."