கோவணமும் பூனையும் ஒரு மவுண்டன் பைக்கும்

என்னிடம் இருப்பது ஆரம்பநிலை மவுண்டன் பைக். அலுமினிய ஃபிரேம், முன்சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க், முன்னால் 3 பல்சக்கரம் பின்னால் 7 என்று 21 கியர், கேபிள் இழுத்துப் பிடிக்கும் டிஸ்க் பிரேக். வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. ஆறு மாதமாக மண்டையைக் குடைகிற கேள்வி ஒன்றுதான்: இதையே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றித் தேற்றுவதா, பணத்தைச் சேர்த்து அடுத்த வண்டியாகவே வாங்குவதா?

ஆசை ஃபோர்க்கில்தான் ஆரம்பித்தது. கல்லும் வேரும் கிடக்கிற இறக்கத்தில் என் ஃபோர்க் அமுங்குவதோடு சரி. அந்தத் துள்ளலை அடக்க உள்ளே ஒன்றும் கிடையாது, பந்து மாதிரி கையைத் தூக்கி எறியும். ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றில் அமுங்கும் ஏர் ஃபோர்க் போட்டால் எடையும் குறையும், நம் உடம்பு எடைக்கு ஏற்ற மாதிரி காற்றும் அடித்துக்கொள்ளலாம். சரி, வாங்கிவிடலாம் என்று அளவெடுக்க உட்கார்ந்தேன். அங்கே பிடித்தது வினை.

என் வண்டியின் கழுத்துக் குழாய் பழைய மாதிரி. அதற்குள் போகும் ஃபோர்க்கின் தண்டு மேலிருந்து கீழ்வரை ஒரே பருமன், 28.6 மில்லிமீட்டர். இப்போது வரும் நல்ல ஏர் ஃபோர்க்குகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தத் தண்டு அடியில் ஒன்றரை அங்குலமாகப் பருத்திருக்கும். என் குழாய்க்குள் அது நுழையாது. நேர்த் தண்டு உள்ளதாகத் தேடிப் பிடித்தாலும், பலவற்றில் சக்கர அச்சு 15 மில்லிமீட்டர். என் சக்கரத்தில் இருப்பதோ லீவரைத் தளர்த்திக் கழற்றும் 9 மில்லிமீட்டர் குவிக் ரிலீஸ் அச்சு. ஆக, முன்சக்கரமும் புதிதாக வேண்டும். முன்னால் மாற்றிவிட்டுப் பின்னால் சும்மா விட மனசு வருமா? 21 கியரை ஒழித்து முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் 11 என்று போகலாம் என்றால், பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பில் என்னிடம் இருப்பது மரை சுற்றி மாட்டும் பல்சக்கரக் கொத்து, ஃப்ரீவீல் என்பார்கள். கேசட் எனப்படும் 11 கியர் கொத்து அந்த ஹப்பில் உட்காராது. அப்புறம் ஹப், அதோடு கியர் மாற்றும் ஷிஃப்டர், செயினை நகர்த்தும் டீரெய்லர், செயின், பெடல் மாட்டும் கிராங்க்.

கோவணத்தை எலி கடிக்கிறது என்று பூனை வளர்த்து, பூனைக்குப் பால் வேண்டி மாடு வாங்கி, மாட்டைப் பார்த்துக்கொள்ளக் கல்யாணமும் செய்துகொண்ட சாமியார் கதைதான் இது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். வண்டி வாங்கிய விலையைத் தாண்டிவிட்டது. அதிலும் ஃபிரேம் அதே பழைய ஃபிரேம். வண்டிக் கம்பெனிகள் பாகங்களை மொத்தமாக வாங்குகின்றன, நாம் ஒவ்வொன்றாக வாங்குகிறோம். அந்த வித்தியாசத்தை நம்மால் ஒருநாளும் ஈடுகட்ட முடியாது. நாளைக்கு விற்கப் போனாலும் "பழைய சைக்கிள்தானே" என்றுதான் கேட்பார்கள்.

அப்போது ஒரு காரியம் செய்தேன். ஒவ்வொரு தடவை ஓட்டி முடித்ததும் வண்டி எங்கே படுத்தியது என்று போனில் குறித்துவைத்தேன். ஒரு மாதக் குறிப்பைப் படித்தபோது கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. பாதிக்கு மேல் பராமரிப்புக் கோளாறு, அதாவது என் சோம்பேறித்தனம்.

கியர் தானாகத் தாவுகிறது என்று ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். மொத்த செட்டையும் மாற்றணும் என்றார். வீட்டில் வண்டியைத் தலைகீழாக நிறுத்திப் பின்னாலிருந்து பார்த்தால், டீரெய்லர் சக்கரத்தை நோக்கிச் சாய்ந்து நிற்கிறது. எப்போதோ வலப்பக்கம் விழுந்ததில் டீரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் வளைந்திருக்கிறது. ஃபிரேம் அடிபடக்கூடாது என்பதற்காகத் தான் வளைந்து கொடுக்கிற சின்ன அலுமினியத் துண்டு அது. வேறொன்று வாங்கி மாட்டினேன், தாவல் நின்றது.

பிரேக்கும் அதே கதைதான். என்னுடையது போன்ற கேபிள் டிஸ்க் பிரேக்குகளில் டிஸ்க்கைக் கவ்வும் இரண்டு பேடில் பெரும்பாலும் ஒரு பக்க பேட் மட்டும்தான் நகரும். அசையாத பேடை அவ்வப்போது ஆலன் கீ போட்டு டிஸ்க்குக்கு நெருக்கமாகத் திருகிவைக்க வேண்டும். நான் இரண்டு வருஷமாகத் திருகவே இல்லை! திருகி, கேபிளையும் புதிதாகப் போட்டதும் லீவரைப் பாதி இழுக்கும்போதே பிடிக்கிறது.

காசு செலவழித்து நிஜமாகவே பலன் கண்டது டயரில். வண்டியோடு வந்தது வழவழப்பான கெட்டி ரப்பர். நானும் அதில் 45 பிஎஸ்ஐ காற்று அடித்துக் கல்லாக வைத்திருந்தேன். மென்மையான ரப்பரில் 2.25 அங்குல டயர் மாட்டி, காற்றை 28 வரை இறக்கினேன். ஈர மண்ணில் வழுக்கிய அதே வளைவில் இப்போது கடித்துக்கொண்டு போகிறது. கை உதறலும் பாதியாகிவிட்டது. அதற்காக ரொம்பவும் இறக்கிவிடாதீர்கள். கல்லில் இடிக்கும்போது கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் ட்யூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். எனக்கு விழுந்தது, 22-இல்.

பெடலும் கிரிப்பும் வாங்கினேன். அடுத்து எந்த மவுண்டன் பைக் வாங்கினாலும் அவற்றைக் கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம். டயர், அடுத்த வண்டியிலும் இதே சக்கர அளவு இருந்தால் அதற்கும் ஆகும். ஆக, தரையைத் தொடுவதற்கும் உடம்பைத் தொடுவதற்கும் செலவு செய்கிறேன். ரிப்பேரை உடனே பார்க்கிறேன். நடுவில் இருக்கிற ஃபோர்க், ஹப், கியர் எல்லாவற்றுக்கும் ஆகியிருக்கும் பணம் மாதாமாதம் தனியாகச் சேர்கிறது.

"தானே பிரித்து மாட்டுவதில் ஒரு சுகம் இருக்குப்பா" என்பான் நண்பன். இருக்கிறது, மறுக்கவில்லை. அந்தச் சுகத்துக்காகச் செலவழிப்பவரிடம் கணக்குப் பேசுவதே தப்பு. எனக்கு ஓட்டுவதுதான் சுகம். "ஒரு காசு செலவழிக்காதே, எல்லாவற்றையும் அடுத்த வண்டிக்கு வை" என்கிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. வழுக்குகிற டயரையும் பிடிக்காத பிரேக்கையும் வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் ஓட்டினால், புது வண்டி வரும்போது ஓட்டுவதற்கு முழங்கால் மிஞ்சாது.

இவ்வளவு வியாக்கியானம் பேசியவன், நேற்று ராத்திரியும் அந்த ஏர் ஃபோர்க்கின் படத்தை இரண்டு தடவை பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன்.