விருந்தாளி பெயரைச் சொல்லி அந்தக் கண்ணாடியை வைக்காதீர்கள்

குற்றாலத்தில் புதிதாகத் திறந்த அந்த ஹோட்டலின் திறப்பு விழா வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். முழுசாகப் பார்த்துவிட்டேன். "ஆர்க்கிடெக்ட்டுகள் மரத்தையும் மண்ணையும் பார்ப்பார்கள், நாங்கள் விருந்தாளியைப் பார்ப்போம்" என்று மேடையில் ஹோட்டல் முதலாளி அண்ணாச்சி சொன்னதையும், கூட்டம் கைதட்டியதையும் பார்த்தேன். பெயர் சொல்லவில்லை. ஆனால் யாரைச் சொன்னார் என்று தென்காசியில் கட்டடத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும்.

ஆமாம், அந்த மனைக்கு முதலில் பிளான் போட்டது நான்தான். அது வேண்டாமென்று ஆனது. "அதுதான் எரிச்சல்" என்று கமெண்ட் போடப் போகிறவர்கள் தாராளமாகப் போடுங்கள். எரிச்சல் இருக்கிறது. வேலை போனதற்காக அல்ல, வேலை இந்தத் தொழிலில் வரும், போகும். விருந்தாளியைப் பற்றி யோசிக்காதவள் என்று மேடை போட்டுச் சொன்னதற்காக.

மண்ணைப் பார்ப்பதும் விருந்தாளியைப் பார்ப்பதும் ஒரே வேலை. இதைத்தான் அவரிடம் டேபிளில் உட்கார்ந்து சொன்னேன், இங்கேயும் பலமுறை எழுதியிருக்கிறேன்.

குற்றாலத்துக்கு ஜனங்கள் எதற்கு வருகிறார்கள்? ஆனி, ஆடியில் அருவிக்கும் சாரலுக்கும். அந்தக் காற்று மேற்கேயிருந்து, ஆரியங்காவுக் கணவாய் வழியாக, செங்கோட்டைப் பக்கம் இறங்கி வருகிறது. அந்த ஹோட்டலின் மேற்கு முகமோ தரையிலிருந்து மொட்டைமாடி வரை திறக்க முடியாத கண்ணாடி. சாரலுக்காக நெடுந்தூரம் பயணம் செய்து வந்த மனிதர், சாரலை வெளியே நிறுத்திவிட்டு ஏசி போட்டுக்கொண்டு படுக்க வேண்டும். பங்குனி, சித்திரையில் அதே கண்ணாடி வழியாக மூன்று மணி வெயில் கட்டில்வரை வரும். வெளிச்சத்தைக் கண்ணாடி உள்ளே விட்டுவிடும். அது தரையிலும் மெத்தையிலும் பட்டுச் சூடானபின் அந்தச் சூட்டை லேசில் வெளியே விடாது. அதற்காகத் தடித்த திரையைத் தொங்கவிட்டு, மலையை மறைத்து, பட்டப்பகலில் லைட் போடுகிறார்கள். இதில் விருந்தாளிக்கு என்ன கிடைத்தது? மலையும் இல்லை, காற்றும் இல்லை. கரண்ட் பில் அறை வாடகையில் ஏறி அவர் தலையில்தான் விழும்.

நான் வரைந்தது மேற்கே ஆழமான வராந்தா. கைப்பிடி உயரத்துக்குச் செங்கல் ஜாலி (காற்றுப் போகத் துளை விட்டுக் கட்டும் சுவர்), மேலே நன்றாக இறக்கிவிட்ட ஓட்டுச் சாய்ப்பு. வெயில் வராந்தாவோடு நின்றுவிடும், காற்று மட்டும் உள்ளே போகும். உள்சுவர்களுக்கு லாரி பேக்கர் என்ற ஆர்க்கிடெக்ட்டின் எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்திக் கட்டினால் நடுவே காற்று நிற்க இடம் கிடைக்கும், ஏறக்குறைய கால் பங்கு செங்கல்லும் மிச்சமாகும். மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில் அந்த மனிதர் அரை ஆயுள் இதையே கட்டிக் காட்டினார். "பட்ஜெட் வீடு மாதிரி இருக்கு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள்.

என் பிளானில் அவர்கள் அதிகம் சிரித்தது துணி காயப்போடும் இடத்தைப் பார்த்துத்தான். ஒவ்வொரு அறைக்குப் பின்னாலும் ஜாலி வைத்து மறைத்த, காற்றோடும் சின்ன இடம். நீங்களே சொல்லுங்கள், குற்றாலத்தில் அருவியில் குளித்துவிட்டு வருகிற குடும்பத்துக்கு முதலில் என்ன தேவை? சொட்டச் சொட்ட ஈரத் துணியோடு வருகிறார்கள், மறுநாள் காலையில் மறுபடியும் குளிக்கப் போவார்கள். இப்போது அந்தத் துணி எங்கே தொங்குகிறது? டிவி ஸ்டாண்டில், நாற்காலி முதுகில், ஏசி ஓரத்தில். அறை முழுக்க ஈர வாடை, சுவரில் பூசணம். சாரல் காலத்தில் மூடிய அறைக்குள் துணி எத்தனை நாளானாலும் காயாது.

எங்கள் வீடு தென்காசியில்தான். சீசன் வந்தால் சொந்தக்காரர்கள் மொத்தமும் இங்கேதான் இறங்குவார்கள். பட்டாசலில் வரிசையாகப் பாய் விரித்துக் கிடக்கும். ஆச்சி அவர்கள் வருமுன்பே புறவாசல் சாய்ப்புக்குக் கீழே குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டிவிடுவாள். அங்கணத்தில் கால் கழுவாமல் யாரும் உள்ளே வரக் கூடாது. எண்ணெய் தேய்த்தவர்கள் உட்கார ஒரு கல் தனியாகக் கிடக்கும். யார் எப்போது வருவார்கள், எதோடு வருவார்கள், எங்கே வைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். விருந்தாளியைப் பார்ப்பது என்றால் எனக்குத் தெரிந்த பாடம் அதுதான். அதற்குமேல் நான் கல்லூரியில் படித்தது கொஞ்சம்தான்.

இன்னொன்றையும் சொல்கிறேன். சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். இதே பகுதியில் ஒரு பெரிய ஹோட்டலில் என் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. முகம் தெரிகிற பளபளப்பில் தரை டைல்ஸ். எண்ணெய்க் குளியலுக்குப் பேர்போன ஊரில், எண்ணெய்க் காலோடு நடந்து வரும் வயதானவர்களுக்குப் பளிங்கு போன்ற தரை! பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இல்லை. ரிசப்ஷனில் கேட்டபோது "இம்போர்டட் டைல்ஸ் மேடம்" என்றார்கள். சொரசொரப்பான கல் தரை அதைவிட மலிவு. அருகிலேயே கிடைக்கிறது, தூரத்திலிருந்து லாரியில் வர வேண்டியதில்லை. பசுமைக்கும் அது நல்லது, என் அம்மாவின் கைக்கும் அது நல்லது.

"ஏசி இல்லாமல் இன்றைக்கு யார் வருவார்கள்?" என்று கேட்பார்கள். ஏசி வேண்டாமென்று நான் எங்கே சொன்னேன்? சித்திரையில் எனக்கும் வேண்டும். சுவரும் கூரையும் ஒழுங்காக இருந்தால் 24 டிகிரியிலேயே தூங்கலாம், 18-க்கு இறக்க வேண்டியதில்லை. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் சொல்லும் கணக்கு.

"பெரிய ஹோட்டலுக்கு இதெல்லாம் சரிப்படாது, ஆசிரமத்துக்குத்தான்" என்பார்கள். இதைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வரும். இலங்கையில் தம்புள்ளைக்குப் பக்கத்தில் அந்த நாட்டு ஆர்க்கிடெக்ட் ஜெஃப்ரி பாவா கட்டிய கண்டலமா ஹோட்டல் 1994-ல் திறந்தது. ஐந்து நட்சத்திரம். பாறையை வெட்டாமல் அதன் வளைவோடேயே கட்டடத்தைக் கொண்டுபோனார். மழைத் தண்ணீர் தன் வழியில் ஓடட்டும் என்று தூண்களின்மேல் தூக்கி நிறுத்தினார். லாபி திறந்த வெளி. கட்டும்போது ஏரி கெட்டுவிடும் என்று ஊரே எதிர்த்தது. இன்று கொடியும் செடியும் படர்ந்து கட்டடத்தையே மூடிவிட்டன. அங்கே வருகிறவர்கள் நம் விருந்தாளிகளைவிடக் குறைவாகவா பணம் கொடுக்கிறார்கள்?

போட்டோவுக்குக் கண்ணாடி முகப்புதான் எடுப்பு என்கிறவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.

வாசலில் செயற்கைப் புல்லை விரித்து, பார்க்கிங் முழுவதையும் கான்கிரீட் போட்டு மூடிவிட்டு, போர்டில் 'பசுமை ஹோட்டல்' என்று எழுதியிருக்கிறார்கள். 2023 டிசம்பர் மழையை மறந்துவிட்டோமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது, தாமிரபரணி திருநெல்வேலிக்குள் புகுந்தது. தண்ணீர் இறங்க ஒரு முழம் மண்கூட விடாமல் மூடிவிட்டு எந்தப் பசுமையைச் சொல்கிறார்கள்? இப்போது 'உங்கள் அறைக்குப் பக்கத்திலேயே தனி அருவி' என்று நோட்டீஸ் வேறு. இயற்கை ஓடையைத் திருப்பிச் செயற்கை அருவி விட்ட ரிசார்ட்டுகள்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 நவம்பரில் உத்தரவிட்டது. இங்கே போர்த் தண்ணீரை மோட்டார் வைத்துச் சுற்றவிடுவதாகச் சொல்கிறார்கள். சரி, அப்படியே இருக்கட்டும். கோடையில் அந்தப் போர் வற்றினால் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுக்கு என்ன ஆகும்? அந்தத் தோட்டக்காரர் யாருக்கும் விருந்தாளி இல்லை, அதனால் அவர் கணக்கில் வரமாட்டார்.

கணக்கில் வராதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விருந்தாளியைக் கூட்டிவரும் டிரைவர் ராத்திரி எங்கே படுப்பார்? டிரைவர்களுக்குப் படுக்கையும் கழிவறையும் ஹோட்டல்கள் தர வேண்டும் என்று 2023-ல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளிலேயே சேர்த்தது. என் பிளானில் ஜன்னலும் பாத்ரூமும் உள்ள அறையாக அது தரைத்தளத்தில் இருந்தது. இப்போது ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் இருப்பதாக அங்கே வேலை பார்க்கும் பையனே சொன்னான். ராத்திரி முழுக்க அந்தச் சத்தத்தில் கிடந்துவிட்டுக் காலையில் மலைப்பாதையில் வண்டியை எடுக்கப்போவது அவர்தான். பின்சீட்டில் இருப்பது உங்கள் விருந்தாளியின் குழந்தைகள்.

அண்ணாச்சி, உங்கள்மேல் எனக்குப் பகை இல்லை. என் அப்பாவுக்கு உங்களை நன்றாகத் தெரியும், எங்கள் வீட்டு விசேஷத்துக்கு வந்து சாப்பிட்டிருக்கிறீர்கள். அதனால்தான் அந்தக் கைதட்டல் இவ்வளவு வலித்தது. இரண்டாவது பிளாக்குக்கு அஸ்திவாரம் மட்டும்தான் போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். மேற்குப் பக்கம் மாடிப்படியையும் லினன் ரூமையும் தள்ளுங்கள், அறைகளுக்கு வராந்தா விடுங்கள், டிரைவர் அறையை ஜெனரேட்டரிலிருந்து நகர்த்துங்கள். தூண் எழுப்புமுன் இதையெல்லாம் மாற்ற முடியும். டிராயிங்கை நானே திருத்தித் தருகிறேன், பீஸ் வேண்டாம், போர்டில் என் பெயரும் வேண்டாம். என் நம்பர் உங்கள் என்ஜினியரிடம் இருக்கிறது.